மனுவில் கேள்விக்குறி எங்கே வரும்?

“ஏரி முகத்துவாரம் எப்போது தூர்வாரப்படும் என்று தெரியவில்லை?”

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் எழுதப்படும் மனுக்களில் இப்படியொரு வரி அடிக்கடி கண்ணில் படும். எழுதியவரின் தவிப்பு நமக்குப் புரிகிறது. முகத்துவாரத்தை மண் மூடிவிட்டால் படகு கடலுக்குப் போகாது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, ஏரியில் மீனும் இறாலும் குறைந்துபோகும். ஆனால் அந்த வரியின் கடைசியில் நிற்கிற கேள்விக்குறி தப்பு.

தன் குப்பத்துக்கு மனு எழுதிக்கொடுக்கும் தம்பி ஒருவரிடம் டீக்கடை பெஞ்சில் இதைச் சொன்னேன். “எப்போதுன்னு இருக்கே அண்ணே, அப்போ அது கேள்விதானே?” என்றார். நியாயமான சந்தேகம். இது ஒன்று தீர்ந்தாலே கேள்விக்குறி விஷயத்தில் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

அந்த வரியில் ‘எப்போது’ இருப்பது உண்மை. ஆனால் வாக்கியம் முடிகிற இடம் ‘தெரியவில்லை’. எழுதுபவர் தமக்குத் தெரியாது என்ற செய்தியைச் சொல்கிறார்; யாரையும் எதையும் கேட்கவில்லை. ஆகவே அங்கே முற்றுப்புள்ளிதான் வரவேண்டும். கேட்பதாக இருந்தால் நேராகவே கேட்கலாம்: “முகத்துவாரம் எப்போது தூர்வாரப்படும்?” இங்கே குறி கட்டாயம். “தூர்வாரும் தேதியைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்றும் எழுதலாம். ‘கேட்டு’ என்ற சொல் இருந்தாலும் அது வேண்டுகோள்தான், முற்றுப்புள்ளி போதும். “எப்போது தூர்வாரப்படும் என்று சொல்ல முடியுமா?” என்று எழுதினால் மறுபடியும் குறி வேண்டும், ஏனென்றால் வாக்கியத்தை முடிக்கிற ‘முடியுமா’ கேட்கிறது.

தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வந்து உட்காரும். அதைப் பார்த்தால் வாக்கியம் கேட்கிறதா, சொல்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. “பணி எப்போது தொடங்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்ற வாக்கியத்தில் கடைசி வினையில் ‘ஆ’ இல்லை. இருந்தாலும் இது கேள்வி. அதிகாரி பதில் சொன்னால்தான் இந்த வாக்கியத்தின் வேலை முடியும். எனவே வினையைப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால், இந்த வரி பதிலுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் குறி இல்லாமலே தமிழ் பல நூற்றாண்டு கேள்வி கேட்டிருக்கிறது. ஆ, ஏ, ஓ மூன்றும் வினாப்பொருள் தரும் எழுத்துகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் எ, யா இரண்டையும் சேர்த்து ஐந்தாக்குகிறது. எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ கடைசியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். ‘வந்தான்’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்ந்து ‘வந்தானா’ ஆனதும் கேள்வி முழுமையாகிவிட்டது. ஓலைச்சுவடியில் கேள்விக்குறி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. படித்தவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஏரியின் வடக்கே, ஆந்திரக் கரையில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் இதே ‘ஆ’தான். ‘வருவாயா’ என்பதற்கு அவர்கள் ‘வஸ்தாவா’ என்பார்கள்.

அப்படியானால் குறி எதற்கு என்று தம்பி கேட்டார். வலையில் மீன் பிடிப்பது கண்ணி. தக்கை மீன் பிடிப்பதில்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே மிதந்து, வலை எங்கே கிடக்கிறது என்று தூரத்திலிருந்தே காட்டுவது தக்கைதான். தமிழில் கேள்வியைச் செய்வது ‘ஆ’வும் ‘எப்போது’வும். அது எங்கே இருக்கிறது என்று படிப்பவர் கண்ணுக்குக் காட்டுவது குறி. ஒரு நாளைக்கு நூறு காகிதம் பார்க்கிற அலுவலகத்தில் அந்த உதவி பெரிய உதவி.

குறி நம் பக்கம் வந்தது அச்சோடு, கப்பல் வழியாக. ஐரோப்பாவில் 8ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளிலேயே அதன் பழைய வடிவம் தென்படுகிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கூடம் எழுந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் போட்டுப் பரப்பியவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) முக்கியமானவர்.

பழவேற்காட்டுக்கும் கேள்வி கேட்பதற்கும் ஓர் அழகான உறவு உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். 1630களில் கோட்டையில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்த நாட்டு மக்களின் வழக்கங்களையும் வழிபாடுகளையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அது 1651இல் ஹாலந்தில் புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் செய்யுள்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்தப் புத்தகத்தில்தான். பழவேற்காட்டில் ஒருவர் பொறுமையாகக் கேட்டதும் இன்னொருவர் பொறுமையாகப் பதில் சொன்னதும் ஒரு கண்டத்துக்கே புத்தகமாயின. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் இந்தக் கதையையும் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

வேறு மொழிக்காரர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்க, இனி நண்டுக்கு வருவோம். ஏரியில் பிடிக்கிற சேற்று நண்டைக் கயிற்றால் கட்டி உயிரோடு சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சீன மொழி பேசும் ஒருவர் கடையில் எப்படிக் கேட்பார் தெரியுமா? “யோவ் பாங்ஷியே மா?” யோவ் என்றால் இருக்கிறது. பாங்ஷியே என்றால் நண்டு. கடைசி ‘மா’ நம் ‘ஆ’வின் வேலையைச் செய்கிறது. “நண்டு இருக்கிறதா?” இரண்டு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் சொல்கிற வாக்கியத்தின் கடைசியில் ஓர் ஒலியை ஒட்டிக் கேள்வியாக்கும் வழியை இரண்டுமே கண்டுபிடித்திருக்கின்றன. தம்பிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. “மா, மா” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

சீனர்களும் பழங்காலத்தில் கேள்விக்குறி போட்டதில்லை. செவ்வியல் சீனத்தில் ‘ஹூ’ போன்ற இறுதிச் சொற்களே கேள்வியைக் காட்டின. படிப்பவர்தான் தமக்கு வேண்டிய இடத்தில் சிறு வட்டமோ புள்ளியோ போட்டு வாக்கியம் பிரித்துக்கொள்வார். 1919இல் ஹூ ஷி முதலிய பேராசிரியர்கள் புதிய நிறுத்தக்குறிகளை நாடு முழுவதும் கொண்டுவரவேண்டும் என்று முன்மொழிந்தார்கள். 1920 பிப்ரவரியில் சீனக் கல்வி அமைச்சகம் அதை ஆணையாக வெளியிட்டது. இன்று சீனத்தில் நிறுத்தக்குறிகளுக்கென்றே தேசியத் தரவிதி இருக்கிறது. கடைசியாகத் திருத்தியது 2011இல். நம்மிடம் அப்படி ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இல்லை. பள்ளி இலக்கணப் புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அது போதாது என்றே நினைக்கிறேன்.

அந்தச் சீன விதிகள் நமக்கும் அப்படியே பொருந்துவதுதான் வியப்பு. “அவர் வருவாரா மாட்டாரா எனக்குத் தெரியாது” என்பதைச் சீனத்தில் எழுதினால் கடைசியில் முற்றுப்புள்ளிதான் வரவேண்டும். அங்கேயும் பள்ளிப் பிள்ளைகள் நம் முகத்துவார மனுவைப் போலவே கேள்விக்குறி போட்டுவிட்டு ஆசிரியரிடம் திருத்தம் வாங்குவார்கள். அவர்களுக்குச் சிரமம் நம்மைவிட அதிகம். ‘எனக்குத் தெரியாது’ என்பது சீனத்தில் வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும். கேள்வி மாதிரி தெரிகிற பகுதி கடைசியில் நிற்கும். கை தானாகவே குறியை நோக்கிப் போகும். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இரண்டில் ஒன்றைக் கேட்கும் கேள்விக்கும் அப்படித்தான். “தடைக்கால நிவாரணம் இந்த மாதம் வருமா, அடுத்த மாதம் வருமா?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை ஓடும்போது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. முதல் ‘வருமா’வுக்குக் காற்புள்ளி போதும், குறி ஒன்றே ஒன்று, கடைசியில். சீனத்திலும் பொதுவிதி இதுதான். ‘வருமா வராதா’ என்பதை அவர்கள் ‘லாய் பு லாய்’, அதாவது ‘வரும் இல்லை வரும்’ என்று அடுக்கிக் கேட்பார்கள். அதற்கும் ஒரே குறிதான்.

அடுத்தது, கேள்விச் சொல் இருந்தும் கேள்வி இல்லாத இடங்கள். தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

“யாரோ வலையை அறுத்துவிட்டார்கள்.” யாரோ என்றால் யாரென்று தெரியாத ஒருவர். கேள்வி இல்லை. “யாரும் வரவில்லை.” கேள்வி இல்லை. “எப்போதும் இப்படித்தான் நடக்கிறது.” கேள்வி இல்லை. சீனத்திலும் ‘ஷெய்’ என்றால் யார். அதோடு ‘தோவ்’ சேர்ந்தால் எல்லோரும் என்ற பொருளுக்குப் போய்விடும், குறி வராது. நாம் ‘உம்’ சேர்க்கிறோம், அவர்கள் ‘தோவ்’ சேர்க்கிறார்கள்.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றுக்கும் இதில் பாரம்பரிய உரிமை. முந்திய பத்தியின் பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. “எந்த ஊருக்கு அன்றைக்குப் பாடோ, அந்த ஊர்தான் அங்கே வலை போடும்.” வாக்கியத்தில் ‘எந்த’ இருக்கிறது, ‘ஓ’ இருக்கிறது, நன்னூல் சொன்ன வினா எழுத்தில் இரண்டு இருக்கின்றன. ஆனாலும் கேள்வி கிடையாது. ‘எந்த’வுக்குப் பதிலாக ‘அந்த’ உடனே வந்துவிடுகிறது. ஒரு விதியைச் சொல்கிற வாக்கியம் அது. இதன் நடுவில் கேள்விக்குறி போட்டால் ஊர் வகுத்த விதியே சந்தேகத்துக்குரியதாகிவிடும். உரிமையைப் பற்றிய மனுவில் அப்படி நேர்வது ஆபத்து.

‘எவ்வளவு’ என்ற சொல்லை ஏலம் விடுகிற இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். கூடையைப் பார்த்து வாங்க வந்தவர் “எவ்வளவு நண்டு?” என்றால் எடை கேட்கிறார். அவரோடு வந்த பிள்ளை “எவ்வளவு நண்டு!” என்றால் வியக்கிறது. வாயால் சொல்லும்போது குரல் வேறுபாடு காட்டிவிடும். காகிதத்தில் குரல் கிடையாது, குறி மட்டும்தான். அதேபோல் “இவ்வளவுதான்.” என்பதும் “இவ்வளவுதான்?” என்பதும். ‘ஆ’வும் இல்லை, ‘எ’வும் இல்லை. இம்மாதிரி இடத்தில் மட்டும் தமிழில் குறியே கேள்வியை உண்டாக்குகிறது. அங்கே அதை மறந்தால் பொருளே மாறிப்போகும்.

இன்னொருவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது மேற்கோள்குறி போட்டால் கேள்விக்குறி அதற்குள்ளே நிற்கும். “‘எப்போது வந்து பார்ப்பீர்கள்?’ என்று கேட்டோம்.” உள்ளே கேள்வி, வெளியே செய்தி, ஆகவே உள்ளே கேள்விக்குறி, கடைசியில் முற்றுப்புள்ளி. மேற்கோள் இல்லாமல் எழுதினால் உள்ளே இருந்த குறியும் போய்விடும்: “எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டோம்.”

பதிலை எதிர்பாராமல் கேட்கும் கேள்விக்கும் குறி உண்டு. “மீனே இல்லாத ஏரியில் வலை போட்டு என்ன பயன்?” சீனத் தரவிதியும் இதற்குக் கேள்விக்குறிதான் என்கிறது. ஆனால் மனு எழுதுகிறவருக்கு என் யோசனை வேறு. இம்மாதிரி கேள்விகளை மேடையில் பேசுங்கள், மனுவில் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கேள்விக்குறி இருக்கும் தாளில் எட்டு வேதனையும் இரண்டு உண்மைக் கேள்வியும் இருந்தால், அந்த இரண்டும் எட்டோடு சேர்ந்து காணாமல் போய்விடும். “???” என்று மூன்று போடுவதும் அப்படித்தான். சீனத் தரவிதி அதிகபட்சம் மூன்று வரை அனுமதிக்கிறது, அதுவும் கேள்வியின் வேகம் மிகவும் கூடும்போது. கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் தாளில் ஒன்றே போதும்.

கைப்பேசியில் எழுதும் எல்லோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ‘வருமா’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பிறகு குறி போடுகிறோம். வரி அங்கே முடிந்தால் குறி மட்டும் தனியாக அடுத்த வரியின் தலையில் போய் நிற்கும். ஒட்டியே போடுங்கள், குறிக்குப் பிறகு இடம் விடுங்கள். சீன எழுத்தில் கேள்விக்குறி ஓர் எழுத்தின் முழுக் கட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் வரியின் தொடக்கத்தில் அது வரக்கூடாது என்று அச்சுக்கோப்பவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அரபியில் வலமிருந்து இடமாக எழுதுவதால் குறியும் மறுபுறம் திரும்பி நிற்கும். கிரேக்கர்களுக்கு நம் அரைப்புள்ளிதான் கேள்விக்குறி.

குறியை எங்கே போடுவது என்று தெரிந்த பிறகு, எதைக் கேட்பது என்பது மிச்சம். குப்பத்து மக்களுக்கு இது இலக்கணத்தைவிட முக்கியம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி தமிழிலேயே மனு எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் காரணம் கேட்கக்கூடாது. பொதுவாக 30 நாளில் பதில் தரவேண்டும். ஆனால் அலுவலகத்தில் ஏற்கனவே பதிவில் இருப்பதைத்தான் தகவலாகக் கேட்டுப் பெறலாம். அலுவலர் கருத்தோ அறிவுரையோ சொல்லவேண்டியதில்லை, புதிதாக ஊகித்துச் சொல்லவும் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில், தெளிவாக்கியது. ஆகவே “ஏன் இன்னும் தூர்வாரவில்லை?” என்று கேட்டால், இது தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட வழியிருக்கிறது. இதையே இப்படிக் கேளுங்கள்: “முகத்துவாரத்தைத் தூர்வார இந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? அதில் இன்றுவரை செலவானது எவ்வளவு? இது தொடர்பான ஆணைகளின் நகலைத் தரவும்.” இரண்டு கேள்விக்குறி, ஒரு முற்றுப்புள்ளி. மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தாகவேண்டும்.

இதைக் கேட்டதும் தம்பி, “அப்போ ஏன்னு கேக்கவே முடியாதாண்ணே?” என்றார். முடியும். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த முடிவின் காரணத்தைத் தெரிவிக்கும் கடமையை அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு அலுவலகங்கள் மேல் சுமத்துகிறது. ஆகவே “முடிவுக்கான காரணம் பதிவான கோப்புப் பக்கங்களின் நகல்” என்று கேட்டு வாங்கலாம். ‘ஏன்’ என்ற கேள்வி அங்கே ஆவணமாக மாறுகிறது.

பொது விசாரணைக்கும் இதே தயாரிப்பு உதவும். பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்துக்கான விசாரணை 2021 ஜனவரியில் ஒரு முறையும் 2023 செப்டம்பரில் ஒரு முறையும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, விசாரணையில் மக்கள் எழுப்பும் கருத்துகளையும் கவலைகளையும் பதிவுசெய்து, முடிவில் கூட்டத்தாருக்கு உள்ளூர் மொழியிலேயே படித்துக் காட்டவேண்டும். அப்படிப் படிக்கும்போது உங்கள் கேள்வி கேள்வியாகவே பதிவாகியிருக்கிறதா, ‘மக்கள் சந்தேகம் தெரிவித்தனர்’ என்று சுருங்கிவிட்டதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். எழுதிக் கொடுத்த தாளில் குறி சரியான இடத்தில் இருந்தால், “இது கேள்வி, பதில் எங்கே?” என்று அங்கேயே எழுந்து கேட்க உங்களுக்கு ஆதாரம் கையில் இருக்கும்.

மனுவை அனுப்பும் முன் ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள், இன்னொருவர் கேளுங்கள். கேட்பவர் பதில் சொல்ல வாயெடுக்கிற இடத்திலெல்லாம் கேள்விக்குறி இருக்கவேண்டும். வெறுமனே தலையாட்டுகிற இடத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். ஒரு நகல் எடுத்து ஊர்ப் பஞ்சாயத்தில் வையுங்கள். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள்.